நானே முறுக்கிய திருகு

சென்ற ஐப்பசியில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு நாளில், பாளையங்கோட்டை மருத்துவமனை ஒன்றில் நடந்தது இது. நான் பேட்டையில் லேத் பட்டறை வைத்திருப்பவன். நெஞ்சுவலி வந்ததால், வலது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி இதய அடைப்பை நீக்கினார்கள். தொடையில்தான் குத்துவார்கள் என்று நடுங்கிப் போயிருந்த எனக்கு ஏக சந்தோஷம்.

துளையிட்ட இடத்தை அழுத்திப் பிடிக்க மணிக்கட்டில் ஒரு பட்டை. அதன்மேல் சின்னதாக ஒரு திருகு. நர்ஸ் அவ்வப்போது வந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துவார். ஒரு தடவை அவர் போனதும் பார்த்தால், ஒரு சொட்டு ரத்தம் எட்டிப் பார்த்தது. முப்பது வருஷமாகக் கசிவைக் கண்டால் முறுக்கியே பழகியவன் சும்மா இருப்பேனா? இடது கையால் இரண்டு சுற்று முறுக்கிவிட்டேன். கசிவு நின்றது. அதற்குப் பிறகும் அவர் தளர்த்திவிட்டுப் போகப் போக, நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன். மனைவியிடம் பெருமை வேறு.

மறுநாள் வீட்டுக்கு அனுப்பும் முன் நாடி பார்த்தார்கள். வலது மணிக்கட்டில் துடிப்பே இல்லை. ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்கவைக்கும் சின்னக் கருவி ஒன்றை டாக்டர் வைத்துப் பார்த்தார், சத்தம் வரவில்லை. ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார். என் பிழைப்பே அந்தக் கைதானே! டாக்டர் நர்ஸ் பக்கம் திரும்பி, நேரத்துக்குத் தளர்த்தவில்லையா என்று கேட்டார். தளர்த்தினேன் என்று சொன்ன அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது.

"சார், அந்தப் பிள்ளை மேல குத்தம் இல்ல. நான்தான் முறுக்கிட்டேன்" என்றேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

முதலில் சிரித்தது நர்ஸ்தான்.

"கசிஞ்சா என்னையக் கூப்பிடக் கூடாதா அண்ணாச்சி? முறுக்குததுக்கு இது என்ன தண்ணிக் குழாயா?"

கைக்கு இரண்டு ரத்தக்குழாய்கள் உண்டு, மற்றொன்று நன்றாக ஓடுவதால் கை பிழைத்தது என்று டாக்டர் விளக்கினார். ஆண்டவன் ஸ்பேர் வைத்தல்லவா அனுப்பியிருக்கிறான்! ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாதம் மாத்திரை கொடுத்தார். அடைப்பு திறந்தாலும் திறக்கும், திறக்காமலும் போகலாம் என்றார். பாரம் தூக்காமல், தினமும் விடிந்ததும் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தே அந்த மாதத்தை ஓட்டினேன்.

மறுபடி போனபோது அதே நர்ஸ்தான் கருவியை வைத்தார். 'உஸ்... உஸ்...' என்று அறை முழுக்கச் சத்தம். "ஓடுதுல்லா அண்ணாச்சி!" என்றார். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனிமே வீட்டுக் குழாயத் திருகுததுன்னாலும் என்கிட்ட கேட்டுட்டுத் திருகுங்க" என்றாள். மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த ஒரு மாதமும் கையை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். இப்போது யோசித்துப் பார்த்தால், அன்று நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், நாடி திரும்பி வந்திருந்தாலும் எந்த முகத்தோடு அந்தப் பெண்ணிடம் கையை நீட்டியிருப்பேன்?