பீர்க் காசும் அறிவியல் அறையும்

என் மகள் படிக்கும் ஜார்ஜ்டவுன் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் அறை என்று ஒன்று உண்டு. அதில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். டென்மார்க் பீரை மொத்தமாக விற்கும் உள்ளூர் வியாபாரி ஒருவர் அந்த அறையைச் சோதனைக்கூடமாக்கித் தருவதாகக் கடிதம் போட்டார்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தலைவர் பொங்கி எழுந்தார். "சாராயக் காசுல நம்ம பிள்ளைங்க படிக்கணுமா? வெக்கமா இல்லலா? லாபம் பூரா எவனோ ஒரு வெள்ளக்காரன் பாக்கெட்டுக்குப் போவுது!"

அடடா, என்ன ஒழுக்கம்! சூலியா தெருவுக்குப் பின்னால் உள்ள, பீரும் விற்கும் சீனன் காப்பிக்கடையில் அதே பீரை ஐஸ் போட்டு தினமும் சாயங்காலம் இறக்குபவர் இந்த உத்தமர். அவர் சொன்னதற்குத் தலையாட்டியவர்களில் பாதிப் பேர் அங்கே அவர் மேசையில் கூட உட்கார்ந்து குடிப்பவர்கள்.

அந்தப் பீரைக் காய்ச்சும் ஆலையின் கதை எனக்குத் தெரியும். அதைத் தொடங்கியவருக்கும் அவர் மகனுக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால் தகப்பன் ஆலையை அறிவியல் வளர்க்கும் ஓர் அறக்கட்டளைக்கு எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இன்றும் கம்பெனியின் பிடி அந்த அறக்கட்டளையின் கையில்தான். நீரின் அமிலத்தன்மையையும் காரத்தன்மையையும் அளக்கும் பி.எச். அளவுகோல் பிறந்ததே அந்த ஆலையின் சோதனைக்கூடத்தில். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கழிவுநீரைச் சோதிக்கும் எனக்குச் சோறு போடுவது அந்த அளவுகோல்தான். இதையெல்லாம் இரண்டு பக்கத்துக்கு எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போயிருந்தேன்.

"வேணாம்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். எல்லாக் கைகளும் மேலே போயின. பேசினால் குடிகாரனுக்கு வக்காலத்து என்பார்கள், கோயிலில் கூட முகம் திருப்புவார்கள் என்று பயந்தேன். என் கையும் போனது. சங்கச் செயலாளர் நான்தான். 'ஏகமனதாக நிராகரிக்கப்பட்டது' என்று நானே கூட்டக் குறிப்பில் எழுதினேன். வெட்கங்கெட்ட கை.

வீட்டுக்குள் நுழைந்ததும் மகள் ஓடி வந்தாள்.

"அப்பா, லேப் வருதா?"

"இல்லம்மா. தலைவர் வேணாம்னுட்டாரு."

"நீங்க ஒன்னும் சொல்லலையா?"

"எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்."

அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. "பரவால்லப்பா. நீங்களாச்சும் எங்களுக்காகப் பேசுனீங்களே."