எங்கள் கிணற்றில் எண்ணெய் வந்த வருஷம்

முதலில் கண்டுபிடித்தது எங்கள் எருமைதான். தொட்டித் தண்ணீரில் வாயை வைத்ததும் தலையைத் தூக்கி ஒரு தும்மல் தும்மியது. பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தது. குடிக்க அடம் பிடிக்கிறது என்று அப்பா அதன் முதுகில் ஒன்று வைத்தார். அம்மா குனிந்து தண்ணீரைக் கையில் அள்ளி மோந்து பார்த்துவிட்டு, எருமை பார்த்த அதே பார்வையை அப்பா பக்கம் திருப்பினாள்.

தண்ணீரின் மேல் பல நிறத்தில் ஏதோ வழுக்கிக்கொண்டு ஓடியது. கிணற்றை எட்டிப் பார்த்தால் அங்கேயும் அதே பளபளப்பு. மண்ணெண்ணெய் வாடை மூக்கைத் துளைத்தது.

எங்கள் காடும் வீடும் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி போகிற ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்தன. நாங்கள் இருந்தது கேரளத்தில்தான். ஆனால் மழைக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. கடலையும் சோளமும் பனையும்தான் விளைச்சல். தை மாசி வந்தால் கிணற்றில் இருக்கிற தண்ணீரைக் கண்ணால் அளந்து அளந்துதான் இறைப்போம். அப்படிப்பட்ட கிணற்றில் எண்ணெய் மிதந்தால் வேறு யாராக இருந்தாலும் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எழுபதுகளின் நடுவில் எங்கே திரும்பினாலும் எண்ணெய்ப் பேச்சுதான். பம்பாய்க் கடலுக்கடியில் எண்ணெய் கிடைத்துவிட்டது என்று ரேடியோ சொல்லியிருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு எங்கள் ரோட்டோரப் புறம்போக்கில் சர்க்கார் ஆட்கள் வந்து துளை போட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் தேடியது தண்ணீர் என்று சொன்னால் நம்ப ஆளில்லை. தண்ணீருக்காகவா சர்க்கார் இவ்வளவு தூரம் ஜீப்பில் வரும் என்று டீக்கடைக்காரர் கேட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணன் பொள்ளாச்சியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் போய்வந்தான். பம்பாயிலிருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவனுக்கு வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் வேலை பேசி வைத்திருந்தார். தை பிறந்த கையோடு பம்பாய் வந்து சேர வேண்டும், வராவிட்டால் அந்த இடம் இன்னொருவனுக்குப் போய்விடும். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன் போகிறாயா என்றால் போகிறேன் என்பான், வேண்டாமா என்றால் வேண்டாம் என்பான், அந்த ரகம். அம்மாவுக்கு மட்டும் இதில் சம்மதமில்லை. ஒரே பையனைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டு யாருக்குச் சோறு போடுவது என்பது அவள் கேள்வி. அதை அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. எருமையிடம் கேட்பாள், அப்பா காதில் விழுகிற மாதிரி.

இந்த நேரத்தில்தான் கிணற்றில் எண்ணெய் வந்தது. டீக்கடையிலிருந்து திரும்பி வந்த அப்பா வேறு ஆளாக இருந்தார். சொந்தக் காட்டிலேயே எண்ணெய் ஊறும்போது எவனுடைய எண்ணெய்க்கோ ஏன் வெல்டிங் வைக்கப் போக வேண்டும் என்றார். பம்பாய்ப் பயணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கலாம், எண்ணெய் நிலைத்து வருகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அன்று அம்மா ரசத்துக்குக் கடுகு தாளித்த சத்தத்திலேயே அவள் மனசு எனக்குத் தெரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? ஆளாளுக்குத் தங்கள் கிணற்றையும் மோந்து பார்த்தார்கள். காடு விற்பதாக இருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் எண்ணெய்க் கம்பெனி அதிகாரிகள் உட்கார வேண்டுமே என்று புதிதாக இரண்டு பெஞ்சு செய்துபோட்டார். என் மூக்கு நீளம் என்று சொல்லிவிட்டுப் போன, பக்கத்து ஊரான பெருமாட்டியின் மாப்பிள்ளை வீட்டார் மறுபடியும் வெற்றிலை பாக்கோடு வந்தார்கள். எண்ணெய் வந்ததும் என் மூக்கு குட்டையாகிவிட்டது போலிருக்கிறது. அந்த மூக்கால் நான் அவர்களை நன்றாகவே மோந்து பார்த்து அனுப்பிவைத்தேன்.

அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையால் மேல் எண்ணெயை வழித்து விளக்கில் ஊற்றிப் பற்றவைத்தாள். ரேஷன் மண்ணெண்ணெய் எப்படி எரியுமோ அப்படியே எரிந்தது. பூமிக்குள்ளிருந்து வருவது காய்ச்சி வடித்தாற்போலவா வரும் என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள். அந்த மாதங்களில் மண்ணெண்ணெய் கண்ணில் காணக் கிடைக்கவில்லை. ரேஷன் கடையில் 'ஸ்டாக் இல்லை' பலகை தொங்கியபடியே கிடந்தது. அந்த ரேஷன் கடைக்காரருடைய காடு எங்கள் காட்டுக்கு மேல்பக்கம். அவருடைய வைக்கோல்போர் எங்கள் வரப்பை ஒட்டித்தான் நின்றது.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி என்பார்களே, அதை நான் நேரில் பார்த்தது அப்போதுதான். அவசரநிலைக் காலம் அது. பதுக்கியவனைப் பிடித்தால் விசாரணையெல்லாம் உள்ளே வைத்துத்தான். எங்கள் கிணற்று மேட்டில் கூட்டம் கூடி அது எண்ணெய்தான் என்று பேசும்போது, அது தன் எண்ணெய் என்று அவர் எப்படிச் சொல்வார்? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கிணற்றைச் சோதிக்கச் சொல்லி அப்பா வில்லேஜாபீஸில் அபேக்ஷை என்று மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்துவிட்டார். நாளை யாராவது வந்து வரப்பைத் தோண்டினால் முதலில் வெளியே வருவது அவருடைய பீப்பாய்தான்.

ஒரு நாள் மத்தியானம், அப்பா டீக்கடையில் இருக்கும் நேரம் பார்த்து, அவர் எங்கள் வாசலுக்கு வந்தார். நான் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். தட்டிக்குப் பின்னால் ஆள் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

"அம்மிணி, தப்பு நடந்துபோச்சுங்க. போருக்கு அடியில பொதைச்சு வெச்ச பீப்பாய் துருப்புடிச்சு ஒழுகுது. இன்னைக்கே தோண்டி எடுத்துப்போடறனுங்க. நீங்க மட்டும் யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க."

அம்மா காறித் துப்பப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"எடுக்காதீங்கண்ணா" என்றாள். "தை பொறந்து, பம்பாய்க்குப் போற நாளு தாண்டற வரைக்கும் அது அங்கயே கெடக்கட்டும். அதுவரைக்கும் எங்க ஊட்டுக்கும் எருமைக்கும் தண்ணி நீங்கதான் கொண்டாந்து ஊத்தோணும்."

அவருக்குப் புரியவே இல்லை. எனக்குப் புரிந்தபோது சாணிக்கூடையைக் கீழே போட்டுவிட்டேன்.

மறுநாளிலிருந்து விடியக் காலையில் அவருடைய மாட்டுவண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும். மேலே டிரம்மில் தளும்பத் தளும்ப நல்ல தண்ணீர். ரேஷன் கடை முதலாளியே கயிறு பிடித்து ஓட்டிவருவார், ஆள் வைத்தால் வாய் பேசும் என்று பயம். எண்ணெயில் பங்கு கேட்பதற்குத்தான் இப்படிக் காக்காய் பிடிக்கிறார் என்று ஊர் சொன்னது. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். எத்தனை தண்ணீர் ஊற்றினாலும் பங்கு கிடையாது என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த மனிதர் பாவம், சரிங்க என்றார்.

மார்கழிக் கடைசியில் ஒரு சிக்கல் வந்தது. கிணற்றில் எண்ணெய் மெலிந்துகொண்டே வந்தது. பீப்பாய் காலியாகிறது என்பது எங்கள் மூன்று பேருக்குத் தெரியும். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் தெரியாது. அப்பாவின் முகம் வாடியது. வெறும் ஆசைதான் போலிருக்கிறது, நீ பம்பாய்க்குக் கிளம்பு என்றார். அண்ணன் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் தூசி தட்டினான். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா நேராக வரப்புக்குப் போனாள். மேல்காட்டில் நின்றிருந்தவரிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்து கொள்ளு வேகவைக்க உட்கார்ந்தாள்.

அடுத்த காலையில் கிணறு முழுவதும் எண்ணெய் மினுமினுத்தது. ஊற்றுக்கண் திறந்துவிட்டது என்று அப்பா கத்தினார். டிரங்குப் பெட்டி பரணுக்குத் திரும்பியது. கடையில் ஒளித்து வைத்திருந்த மிச்ச எண்ணெயையும் தன் கையாலேயே எங்கள் கிணற்றில் கொட்டிவிட்டு வந்த மனிதர், அன்று தண்ணீர் வண்டியை ஓட்டி வந்தபோது மாட்டைவிடச் சோர்வாக இருந்தார். நான் வாயில் தாவணி முந்தியை வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் ஓடிவிட்டேன்.

பிறகு ஒரு அதிகாரி வந்தார். நிலத்தடியைப் பார்க்கிற ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து வந்த மலையாளத்துக்காரர். கிணற்றை எட்டிப் பார்த்தார், மோந்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார், அம்மா போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டார். சாம்பிள் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும், முடிவு வர நாளாகும் என்றார். ஒரு பாட்டிலில் எடுத்துப் போனார். அடுத்த முறை வந்தபோது ஒரு பெரிய கேன் கொண்டுவந்தார். ஆராய்ச்சிக்கு அவ்வளவு வேண்டியிருந்ததாம். அவர் வீட்டு ஸ்டவ் அன்றைக்கு நன்றாக ஆராய்ச்சி செய்திருக்கும். சிரட்டையால் வழித்து வழித்து அந்தக் கேனை நிரப்பிக் கொடுத்தது ரேஷன் கடைக்காரர். அப்பாதான் அவரை உதவிக்குக் கூப்பிட்டிருந்தார்.

தை பிறந்தது. பம்பாயில் அண்ணனுக்கு வைத்திருந்த இடம் வேறு யாருக்கோ போனது. அந்தச் செய்தி வந்த அன்று அம்மா எருமைக்குக்கூட வெல்லம் கொடுத்தாள். அப்புறம் எண்ணெய் தானாகக் குறைந்து, ஒரு நாள் நின்றுபோனது. எண்ணெய் இருப்பதற்கான அடையாளம் இல்லை என்று ஆபீஸிலிருந்து வாய்வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். ரேஷன் கடைக்காரர் தன் செலவில் ஆள் வைத்துக் கிணற்றைச் சுத்தமாக இறைத்து, சேறு வாரிக் கொடுத்தார். என்ன இருந்தாலும் பெரிய மனசு என்று ஊர் மெச்சியது. அப்பா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணெய் எங்கும் போகவில்லை, கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான் என்பார்.

அந்த ஒரு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தான். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கொட்டகைக்குப் புதுக் கூரை வேய்ந்தான். சந்தைக்கு அம்மாவைக் கூட்டிப்போனான். அவன் வரும் பஸ் சத்தம் கேட்டதும் அம்மா அரிசியும்பருப்பும் சோற்றை இறக்கி நெய் ஊற்றுவாள், அவன் வழித்து வழித்துச் சாப்பிடுவான். இந்த வீட்டில் நான் பார்த்ததிலேயே சந்தோஷமான வருஷம் அதுதான்.

அடுத்த வருஷம் பம்பாயிலிருந்து மறுபடி ஆள் கேட்டு வந்தது. இந்த முறை அண்ணன் அப்பாவிடம் போகவில்லை. அடுப்படியில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போய்ப் பார்க்கிறேன் அம்மா, எனக்கு ஆசையாக இருக்கிறது என்றான். அவன் ஒரு விஷயத்தில் தன் ஆசையைச் சொன்னதை நாங்கள் கேட்டது அதுவே முதல் தடவை. அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். பிறகு, போ என்றாள். புகையினால் கண் கலங்குகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாப்பில் பாலக்காட்டு பஸ் ஏறினான். கை தெரிகிறவரை பார்த்துவிட்டு, அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். எனக்கு அழுகை அடங்கவில்லை. வழியனுப்ப வந்திருந்த ரேஷன் கடைக்காரர் அம்மாவின் பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"கடைசீல பையன் போயிட்டானுங்களே, அம்மிணி. இதுக்கு அன்னைக்கே போயிருந்தா என்ற எண்ணெயாச்சும் மிஞ்சியிருக்கும்."

அம்மா பஸ் போன ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஒரு வருசம் என்ற கையில சோறு தின்னானுங்களே" என்றாள். "சல்லிசுதானுங்கண்ணா."