பாஸ்

என் தம்பி துபாயில் ஒரு கம்பெனியில் கிளீனராக இருந்தான். டிரைவராகிவிட்டால் சம்பளம் கூடும் என்பதால் கனரக வாகன லைசென்ஸ் டெஸ்டுக்குப் போட்டிருந்தான். டெஸ்டுக்கு முந்தின நாள் அம்மாவிடம் போனில், "வேண்டிக்கோம்மா" என்றான்.

மறுநாள் காலையில் அப்பாவுக்கு போன் வந்தது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. சாப்பாடு கொடுக்கப் போன நானும் வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து ஏதோ நாட்டுக்காரர் இங்கிலீஷில் பேசினார். காற்றில் பாதி கேட்கவில்லை. அப்பாவுக்குத் தெரிந்த இங்கிலீஷும் கொஞ்சம்தான். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பியவர் முகமெல்லாம் சிரிப்பு.

"பாஸ் ஆயிட்டானாம்மா! 'ஹி பாஸ்டு, ஹி பாஸ்டு'ன்னு ரெண்டு தடவ சொன்னாரு. சாரி வேற கேட்டாரு, பெரிய மனுசன்."

"சாரி எதுக்குப்பா?"

"லேட்டா சொல்றதுக்கா இருக்கும்."

ஆள் அனுப்பி ஜிலேபி வாங்கிவரச் சொன்னார். உப்பு வாரிக்கொண்டிருந்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்கள். "உங்க புள்ள ஜிலேபியும் கரிக்குது மேஸ்திரி" என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். மதியம் என் போன் அடித்தது. தம்பியோடு ஒரே அறையில் தங்கியிருந்த, பக்கத்து ஊர் பிரம்மதேசத்துப் பையன்.

"அக்கா, ஆபீஸ்லேர்ந்து சொல்லிட்டாங்களா?"

"சொல்லிட்டாங்கப்பா. பாஸ் ஆயிட்டானே! நீயும் ஸ்வீட் வாங்கிச் சாப்பிடு."

அந்தப் பக்கம் அவன் அழுகிற சத்தம் கேட்டது.

"அவன் டெஸ்டுக்கே போகலக்கா. காலையில எழுப்புனோம், எழுந்திரிக்கல."

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

உடல் வந்து சேர நாளானது. அதுவரை வந்த ஒவ்வொருவரிடமும் அப்பா, "அவரு சரியாத்தான் சொன்னாரு. எனக்குத்தான் வெளங்கல" என்றார். இப்போதும் போன் அடித்தால் அவர் எடுப்பதில்லை. எழுந்து வெளியே போய்விடுவார்.

நான் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். போன மாதம் இங்கிலீஷ் பாடத்தில் அந்தச் சொல் வந்தது. தேர்ச்சி பெறுதல், கடந்து போதல், கையில் எடுத்துக் கொடுத்தல், பொழுது கழிதல் என்று போர்டில் எழுதினேன். ஒரு பெண் போனில் அகராதியைப் பார்த்துவிட்டுக் கை தூக்கினாள்.

"மிஸ், ஒண்ண விட்டுட்டீங்க. செத்துப் போறதுக்கும் இதே வேர்டுதானாம்."

"அப்போ பாஸானா செத்துட்டோமா மிஸ்?" என்றான் பின்னாலிருந்த ஒரு பையன். வகுப்பே சிரித்தது.

உள்ளே அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

சாக்பீஸை எடுத்து அதையும் எழுதினேன். "எல்லாரும் நோட்டுல எழுதிக்கோங்க" என்றேன். உள்ளேயிருந்து மறுபடி பாத்திரச் சத்தம் கேட்கும்வரை நான் போர்டைப் பார்த்தபடியே நின்றிருந்தேன்.