பசை காயாத நல்ல நேரம்

இந்தப் பிரெஞ்சு நாட்டில் வீட்டுத் தரைக்குக் கீழே வெறும் இருட்டுத்தான் இருக்கிறது என்பது செவ்ரானில் வீடு வாங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஊரில் இருக்கும் உங்களுக்குத் தரை என்றால் மண்ணை இறுக்கி அதன்மேல் பூசிய சீமெந்து. இங்கே நாலு பக்கமும் கொங்கிறீற் சுவர் எழுப்பி, அதிலே மரங்களைப் பொருத்தி, மேலே பலகை அடிக்கிறார்கள். நடந்தால் கீழே யாரோ கூடவே நடப்பதுபோல் சத்தம் கேட்கும். போன மாரியில் பின்னறைக் கட்டிலை இழுத்தபோது அதன் கால் பலகைக்குள்ளே இறங்கிவிட்டது. பழைய ஆட்கள் மரங்களின் நுனியைச் சுவருக்குள் செருகி விட்டிருந்தார்கள். அவை சுவரின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, விரல் பட்டாலே புட்டு மாதிரி உதிர்ந்தன.

எங்களுக்கு அந்த அறைதான் வேண்டியிருந்தது. மகள் மயூரிக்கு முதல் பிள்ளை. வயிற்றை வெட்டித்தான் எடுக்க வேண்டும் என்று ஆசுப்பத்திரியில் நாளும் குறித்துவிட்டார்கள். வெட்டிய வயிற்றோடு எங்கள் மாடிப்படி ஏற முடியாது. மயூரி இங்கே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் வரும். முதல் பிள்ளைக்குத் தாய்வீடு என்ற வழக்கத்தை அவள் சிரித்துத் தள்ளிவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். அவளாகவே வருகிறேன் என்றபோது எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் ஓல்னேயில் அவளுடைய மாமியாருக்கு லிஃப்ட் வைத்த வீடு இருக்கிறது. எங்கள் அறை சரிவராவிட்டால் அங்கேதான் போவாள்.

இவர், மயூரியின் தகப்பன், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். நான் அங்கேயே இரண்டு தெரு தள்ளி, சேலைக்குச் சட்டை தைக்கும் கடையில். இவர் வேலை முடிந்து வரும்போது நான் நித்திரை, நான் எழும்பும்போது இவர் நித்திரை. இந்தச் சீரில் ‘தரையை நானே போடுறன்’ என்று நின்றார்.

பக்கத்து வீட்டு முசியே ழெரார் கட்டட வேலை செய்து ஓய்வெடுத்த மனிதர். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து முறையைச் சொல்லித் தந்தார். மர நுனியைச் சுவருக்குள் விடக்கூடாது. சுவர் நீளத்துக்கு ஒரு தடித்த மரத்தை போல்ட் போட்டு இறுக்க வேண்டும். மரத்துக்கும் கொங்கிறீற்றுக்கும் இடையில் ஈரம் ஏறாத கறுப்புப் பட்டி வைக்க வேண்டும். குறுக்கு மரங்கள் அந்தத் தடித்த மரத்தில் தொங்கும், சப்பாத்து மாதிரியான இரும்புத் தாங்கிகளில் குந்தும். போல்ட் போடும் துளைக்குள் ஒரு பசை. குளிரில் அது மெல்லத்தான் இறுகும், அடுத்த நாள்வரை தொடக்கூடாது. இவர் எல்லாவற்றுக்கும் ‘வீ, வீ’, அதுதான் ஓம் ஓம், என்று தலையாட்டினார்.

தலையாட்டிவிட்டு நேரே கோயில் ஐயரிடம் போய் நேரம் கேட்டு வந்தார். வீட்டுக்கு முதல் மரம் ஏறுவது ஊரில் வாசல் நிலை வைப்பது மாதிரியாம். புதன்கிழமை காலை, ஏழரைக்குள். லாச்சப்பலில் தேங்காயும் கற்பூரமும் வாங்கி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தது நான்தான். புதன் விடியவே இவர் சுவரில் துளைத்துப் பசையும் விட்டு போல்ட்டும் செருகிவிட்டார். பழைய பலகையைக் கழற்றிய குழிக்குள் நின்று கற்பூரம் கொளுத்தினோம். புகையைக் கண்டு முசியே ழெரார் வாளித் தண்ணீரோடு ஓடி வந்துவிட்டார். கும்பிடுகிறோம் என்று நான் கைகூப்பிக் காட்ட, பாவம், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். போகும்போது போல்ட்டைக் காட்டி, நாளைக்குத்தான் என்று மறுபடி சொன்னார். இவர் மறுபடி ‘வீ’ என்றார்.

அவர் போனதும் இவர் என்னைப் பார்த்தார். “இஞ்சரும், நேரம் போகுது. மற்றப் பக்கத்தைப் பிடியும்.”

“நாளைக்கு எண்டெல்லே அந்த மனுசன் சொல்லுது?”

“அவருக்கு எங்கடை நேரம் தெரியுமே? பசை காஞ்சிட்டுது. பிடியும்.”

பிடித்தேன். ஏற்றினோம். மரை பூட்டினார். மரம் நின்றது. இவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோசம், எனக்கும்தான். ஒரு குறுக்கு மரத்தை மாட்டினோம், இரண்டாவதையும் மாட்டினோம். தடித்த மரம் மெல்லச் சரிந்து, போல்ட்டுகள் இறுகாத பாகுபோல் பசையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தன. தினமும் பாகுக்குப் பதம் பார்க்கிற மனிதர், பசைக்குப் பார்க்கவில்லை. மரம் இவர் காலில் விழுந்து பெருவிரல் நசிந்துவிட்டது.

மறுநாள் நான் கடையில் தைத்துக்கொண்டிருந்தபோது, தகப்பனின் விரல் நசிந்ததைக் கேள்விப்பட்டு மயூரி போன் எடுத்தாள். விழுந்த தரையில் தன் பிள்ளையைப் போடமாட்டாளாம், ஓல்னேக்கே போகிறாளாம். முழுக்கப் பிரெஞ்சில், முழுக்க மரியாதையாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. மெசினில் தலையை வைத்து அழுதேன். பிறகு போட்டு முடித்துக் காட்டுகிறோம், ஒருக்கால் வந்து பார் என்று கெஞ்சினேன். சரி, பார்க்கிறேன் என்றாள்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு நிலை வைத்தது நன்றாய் நினைவிருக்கிறது. மூன்று சாத்திரிமாரிடம் கேட்டுப் பார்த்த நேரம். பிறகு சண்டை வந்தது, ஓடினோம். திரும்பி வந்தபோது கூரையில்லை, சுவரில்லை, அந்த நிலை மட்டும் தனியே நின்றது. நல்ல நேரம் எதைக் காப்பாற்றியது என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

திங்கள் காலை இவர் நொண்டி நொண்டிப் புதுத் துளை போட்டுப் பசை விட்டார். செவ்வாய் இவருக்கு லீவு. வியாழன் மயூரிக்கு வெட்டு. நானும் கடைக்குப் போகவில்லை. மத்தியானத்துக்குப் பிறகும் இவர் குழி விளிம்பில் குந்தியிருந்தார்.

“அடுத்த கிழமைதான் நல்ல நாள் இருக்கெண்டு ஐயர் சொல்லுறார்.”

“அடுத்த கிழமை பிள்ளை ஓல்னேயில கிடக்கும்.”

“இண்டைக்குச் செவ்வாயப்பா. மூண்டு மணியும் ஆகுது. ராகுகாலம்.”

எனக்கு அலுத்துவிட்டது. இந்த நாட்டு நேரத்துக்கு ரயிலேறி, அந்த நாட்டு நேரத்துக்குத் தேங்காய் உடைத்து, இரண்டுக்கும் நடுவில் எத்தனை வருசம் ஓடுவது? மரை பூட்டும் சாவியை எடுத்து இவர் கையில் வைத்தேன்.

“எனக்கும் தெரியும். பூட்டுங்கோ.”

பூட்டினார். கற்பூரமில்லை, தேங்காயில்லை. மரம் அசையவில்லை. பலகையையும் அடித்து முடித்தோம்.

பிள்ளை பிறந்து, ஆசுப்பத்திரியிலிருந்து ஓல்னேக்குப் போகிற வழியில் மருமகன் காரை எங்கள் வாசலில் நிறுத்தினார். மயூரி பிள்ளையோடு மெல்ல நடந்து பின்னறை வாசலில் நின்றாள். பலகையைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இரும்பு எத்தனை, போல்ட் எத்தனை என்று பிரெஞ்சில் கேட்பாள் என்று நான் ஆயத்தமாய் நின்றேன். அவள் தமிழில் கேட்டாள்.

“அம்மா, இந்த மரம் நல்ல நேரத்திலதானே வச்சனீங்கள்?”

இவர் சட்டென்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு ஒரு கால் அறைக்கு வெளியே பழைய தரை ஓட்டில், மற்றக் கால் புதுப் பலகையில்.

“ஓம் பிள்ளை,” என்றேன். “நேரம் பாத்துத்தான் வச்சது.”

குழந்தையை என் கையில் தந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.