பட்டாளத்துத் தொப்பி

நமுனுகுல தோட்டத்திலிருந்து இறங்கிப் பதுளைக்கு நடந்துகொண்டிருக்கிறேன். கங்காணியோடு சண்டை, வேலை போயிற்று. கையில் இருப்பது தண்ணீர் ஓடக் கான் வெட்டும்போது மண்ணுக்குள் கிடைத்த பழைய பட்டாளத்துப் பித்தளைத் தொப்பி. அதை விற்றால்தான் இன்றைக்குச் சோறு. பதுளையில் ஒரு முஸ்லிம் கடைக்காரர் இப்படிப்பட்ட தொப்பி, சட்டை, வாள் எல்லாவற்றையும் ஒரு துரைக்காகச் சேர்க்கிறாராம். ஆற்றோரம் உட்கார்ந்து, மடியிலிருந்த புளியையும் ஆற்று மணலையும் போட்டுத் தேய்க்கிறேன். தொப்பி கோயில் விளக்குப்போல் மின்னுகிறது.

கடைக்காரர் அதைப் பார்த்ததும் தலையில் கை வைக்கிறார்.

"அடப்பாவி, பச்சைக் களிம்பெல்லாம் எங்க தம்பி?"

"ஆத்தோட போயிருச்சு நானா. நல்லா அழுத்தித் தேய்ச்சேங்க."

"அந்தக் களிம்பத்தானே துரை கண்ணாடி அலமாரியில வெச்சுப் பாக்குறாரு! இது நேத்துச் செஞ்ச சட்டி மாதிரி இருக்கு."

என் வயிறு இரைகிறது. அது அவருக்கும் கேட்டுவிடுகிறது. சிரித்துக்கொண்டே ஒரு ரொட்டியை நீட்டுகிறார்.

மறுநாள் காலையில் அவருடைய உப்பு வண்டியோடு மொனராகலைக்குப் புறப்படுகிறேன். மாடு ஓட்டுவது அவர் தந்த ஒரு வேலை. தொப்பியில் மறுபடி பச்சை பிடிக்கும்வரை அதைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நனைவது இன்னொரு வேலை.