மூன்று சுற்றும் அவரே சுற்றினார்

என் மக்களுக்கும், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பெரியப்பாவைப் பற்றி, "பாவம், முடியாத ஆளு" என்று இந்த ஓராண்டாகச் சிலர் பேசுவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அதற்காகவே எழுதுகிறேன்.

பெரியப்பா பிறந்தது பனவடலிசத்திரத்தில். எனக்கு நான்கு வயது மூத்தவர். சங்கரன்கோவிலில் விசைத்தறிக் கூடங்களுக்குக் கூரை போடும் வேலை பார்த்தார். ஒரு நாள் ஷீட் உடைந்து கீழே விழுந்தார். முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. பேசி முடித்திருந்த கல்யாணமும் நின்றது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டர் உள்ளதைச் சொன்னார். "நரம்பு பழையபடி வராதுப்பா. ஆனா நிக்கவும் கொஞ்சம் நடக்கவும் வழி இருக்கு. ஒடம்ப வருத்தணும்."

இரண்டு காலுக்கும் காலிப்பர் என்ற கம்பித் தாங்கிக்கு அளவெடுத்தார்கள். இடுப்பில் ஒரு பேட்டரிப் பெட்டி. அதிலிருந்து காலில் ஒட்டிய பட்டைகளுக்குச் சிறு கரண்ட் போகும். வாக்கர் பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் சதை இறுகிக் கால் முன்னே வரும். மடங்கிவிடாமல் காலிப்பர் தாங்கும். நாலு எட்டு வைப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் அப்படி நடப்பார். மற்ற நேரம் சக்கர நாற்காலியில் இருந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டினார்.

அவர் விழுந்த நான்காம் வருடம் உங்கள் தாத்தா காலமானார். மூத்த மகன்தான் தண்ணீர்ப் பானையைத் தோளில் வைத்து உடலை மூன்று முறை சுற்ற வேண்டும். வாக்கரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டியவர் பானையை எப்படிப் பிடிப்பார்? "இளையவன் எடுக்கட்டும்" என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். மக்களே, ஒளிக்காமல் சொல்கிறேன்: நானும் சரி என்றேன். சுடுகாட்டில் பானையைத் தூக்கித் தோளிலும் வைத்துவிட்டேன்.

"எறக்குலே," என்றார் பெரியப்பா, நாற்காலியில் இருந்தபடி. "மூத்தவன் நான் இன்னும் சாகல."

மாமா குறுக்கே வந்தார். "ஏலே, கரிசல் மண்ணு, வாக்கர் புதையும். நடுவுல விழுந்து தொலச்சேன்னா?"

"விழுந்தா எந்திரிக்கேன். நாலு வருசமா அதத்தான மாமா செய்யுதேன்."

"பானைய எந்தக் கையால பிடிப்ப?"

"கை எதுக்கு? துண்டு இருக்குல்லா."

பானையைத் துண்டால் தோளோடு கட்டச் சொன்னார், இழுத்தால் அவிழும் முடிச்சாக. சுற்றுக்கொரு ஓட்டை போட்டதும் பானைத் தண்ணீர் கொட்டுமே என்று பேட்டரிப் பெட்டியைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மறுபக்க இடுப்பில் மாட்டினேன். முதல் சுற்று முடிந்தது. இரண்டாம் சுற்றின் முடிவில் தண்ணீர் வழிந்து இடத்தொடைப் பட்டை கழன்றது. கால் நின்றுவிட்டது.

"போதும்லே, மிச்சத்த தம்பி சுத்தட்டும். நேரமாவுது," என்றார் மாமா.

"அப்பா என்ன பஸ்ஸுக்கா போறாரு, மாமா?"

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். பெரியப்பா சிரிக்கவில்லை. பெட்டியை அணைத்தார். காலிப்பரின் முழங்கால் பூட்டுகளை என்னைப் போடச் சொன்னார். கைகளை ஊன்றி, இரண்டு காலையும் சேர்த்து வீசி வீசி, மூன்றாம் சுற்றையும் முடித்தார். முடிச்சை இழுத்தது மட்டும்தான் நான். பானை பின்னால் விழுந்து உடைந்தது. கொள்ளியையும் அவரே வைத்தார்.

அதன்பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார். சிறுநீரில் வந்த கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியதால் இறந்தார். "கரண்டு வச்சு வச்சுத்தான் போயிட்டான்" என்பது பொய். டாக்டர் எழுதிய தாள் என்னிடம் இருக்கிறது. சந்தேகப்படுகிறவர்கள் வீட்டுக்கு வந்து படிக்கலாம்.

நடக்கப் பழக்கிய பிசியோதெரபித் தங்கச்சிக்கும், காலிப்பர் வார் அறுந்தபோதெல்லாம் தைத்துக் கொடுத்த செருப்புக்கடை அண்ணாச்சிக்கும், கடைசி நாட்களில் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஓட்டிய நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெரிய மாமாவுக்கும்தான். அன்று சுடுகாட்டிலிருந்து நாற்காலியை வீடு வரை தள்ளி வந்தவர் அவரே.

இம்மலரின் அட்டைக்கு மார்பளவுப் படம் போதும், காலில் கம்பி தெரிய வேண்டாம் என்று அச்சகத்துக்கே வந்து சிலர் சொன்னார்கள். நான் முழுப் படம் போட்டிருக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டி, இரண்டு காலிப்பரும் தெரிய நிற்கிறார். மக்களே, நம் வீட்டு முன்னறையில், வருகிறவர்கள் முதலில் பார்க்கும் சுவரில், இதே படம்தான் தொங்கும். ஆணி அடித்தாயிற்று.