தீவகத்துக்கு ஒரு கொடி

எங்கள் தீவுகளைச் சேர்த்துச் சொல்லும் தீவகத்தை யாழ்ப்பாணத்திலிருந்து பிரித்துத் தனி மாவட்டமாக்க வேண்டும் என்று புறப்பட்டவர்கள் முதலில் செய்த வேலை, என்னிடம் கொடி தைக்கக் கொடுத்ததுதான். மனுவைப் பிறகு எழுதலாம், கொடி இருந்தால்தான் ஆட்கள் சேருவார்கள் என்று குழுவின் தலைவர் சொன்னார். அவர் வேலணைக்காரர், தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். யாழ்ப்பாணத்தில் ஏதோ ஒரு அரசாங்கக் கந்தோரில் ஒரு பெடியன் அவரைப் பார்த்து, "தீவாரோ? அப்ப கொஞ்சம் இருங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டானாம். மாவட்டக் கோரிக்கை அந்தக் கதிரையில் இருந்தபோதுதான் அவருக்குள் பிறந்தது. இந்தக் கதையை அவர் சொல்லாத ஆள் தீவகத்தில் இல்லை.

ஊர்காவற்றுறையில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வீதியில் என் தையல் கடை. பள்ளிக்கூடச் சீருடையும் சாரிச் சட்டையும் தைக்கிற எனக்குக் கொடி புதிது. நான் பிறந்தது அனலைதீவில், கலியாணம் கட்டி வந்தது இங்கே. என் கடையில் புது மின்விசிறி ஒன்று இருந்தபடியால் குழு அங்கேயே கூடத் தொடங்கியது.

முதற் சண்டை நிறத்தில் வந்தது. சிவப்பு ஒரு கட்சி, பச்சை ஒரு கட்சி, நீலம் இன்னொரு கட்சி. காவி என்றால் கோயில். மஞ்சளும் வெள்ளையும் மாதா கோயில். தனி வெள்ளை செத்த வீடு. நான் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துண்டு எடுத்துக் காட்டினேன். சட்டை அளவு கொடுக்க வந்திருந்த அக்கா ஒருவர், அது தவக்காலத்து நிறம், அதைக் கண்டால் தனக்கு மீன் தின்ன மனம் வராது என்றார். கடைசியில் மயில்கழுத்து நிறத்தில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். நீலம் என்று குற்றம் சொல்பவருக்குப் பச்சை என்று சொல்லலாம், பச்சை என்பவருக்கு நீலம் என்று சொல்லலாம். தலைவருக்கு அந்த நிறத்தில் அப்படியொரு நம்பிக்கை.

அதன் மேல் தீவுக்கு ஒன்றாக ஏழு வெள்ளை நட்சத்திரம் வைப்பதாக முடிவு. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, காரைநகர். வெட்டித் தைத்துச் சுவரில் கொழுவினேன். இரண்டு நாள் நிம்மதியாகப் போனது.

பிறகு மண்டைதீவிலிருந்து ஒருவர் மகளின் சீருடை எடுக்க வந்தார். நட்சத்திரங்களை எண்ணினார், தங்களுடையது எது என்று கேட்டார். தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஏழு தீவு என்பது காலங்காலமாக உள்ள கணக்கு என்றார். தாங்கள் அப்போது எங்கே மிதந்துகொண்டிருந்தோம் என்று மண்டைதீவார் கேட்டார். மாலையில் எட்டாவது நட்சத்திரம் ஏறியது.

அந்த எட்டாவது, நெடுந்தீவு மாஸ்ரருக்குப் பிடிக்கவில்லை. அவர் குழுவின் உபதலைவர். கூட்டத்துக்கு வருவதென்றால் காலையில் படகேறிக் குறிகட்டுவானில் இறங்கி, அங்கிருந்து ஒரு பஸ்ஸில் வேலணை, வேலணையிலிருந்து இன்னொரு பஸ்ஸில் ஊர்காவற்றுறை. வந்து இருந்த உடனேயே திரும்பிப் போகும் படகுக்கு நேரம் பார்க்கத் தொடங்கிவிடுவார். மண்டைதீவுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ரோட்டால் போகலாம், அதை எப்படித் தீவு என்று சொல்வது என்பது அவருடைய கேள்வி.

"வேலணைக்கும்தான் ரோட்டு இருக்கு," என்றார் தலைவர்.

"அதைத்தான் நானும் சொல்லுறன். பஸ் போற இடமெல்லாம் தீவெண்டால் கண்டியும் தீவுதான்."

தலைவர் எழுந்து வெளியே போய் நின்றுவிட்டு வந்தார். அடுத்த கிழமை காரைநகரிலிருந்து செய்தி வந்தது. தாங்கள் ஊர்ப் பெயரிலிருந்த தீவை எப்போதோ எடுத்துவிட்டு நகரான பரம்பரை, இந்தப் பட்டியலில் தங்களைச் சேர்க்க வேண்டாம் என்று. அந்த நட்சத்திரத்தைப் பிரித்தேன். கொடியில் மறுபடியும் ஏழு. தலைவருக்கு இது பெரிய ஆறுதல், கணக்குத் தானாகவே சரிவந்துவிட்டது என்றார். ஊர்காவற்றுறையில் பிறந்த என் கணவருக்குத்தான் மனம் ஆறவில்லை. எங்கள் ஊர் வேலணைத் தீவின் ஒரு முனையில் இருப்பதால் அதற்குத் தனி நட்சத்திரம் கிடைக்கவில்லை. கொடி தைக்கிற ஊருக்கே நட்சத்திரம் இல்லை, அனலைதீவுக்கு மட்டும் பளபளவென்று இருக்கிறது என்று சாப்பிடும்போது குத்திக் காட்டினார். உண்மையில் அது மற்றவற்றைவிட ஒரு நூல் பெரிதாகத்தான் வந்திருந்தது. நான் துணியின் மேல் பழியைப் போட்டேன்.

இடையில் ஒருநாள் சிவில் உடுப்பில் ஒருவர் கடைக்கு வந்தார். காற்சட்டை தைக்க வந்தவரில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. எங்கள் பகுதியில் புதுக்கொடி ஒன்று சுவரில் தொங்கினால் புலனாய்வுக்காரர் யாராவது வந்து கேட்பார்கள் என்பது நாங்கள் எதிர்பார்க்காத விஷயமும் இல்லை. அவர் கவனமாகப் படித்த தமிழில், "அக்கா, இது என்ன கொடி?" என்று கேட்டார். தொலைபேசியில் படமும் எடுத்தார்.

பயத்தில் எனக்கு வாய் நிற்கவில்லை. நிறத்தில் தொடங்கி மண்டைதீவு, காரைநகர், நெடுந்தீவு மாஸ்ரரின் கண்டிக் கதை, என் வீட்டுக்காரரின் மனத்தாங்கல் வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் கதிரையில் இருந்து முழுவதையும் கேட்டார். தேத்தண்ணி கொடுத்தேன், குடித்தார். தன்னுடைய ஊரில் பள்ளிக்கூடத்தின் பெயரை மாற்றப் போய் இரண்டு பகுதியாரும் இன்னும் கதைப்பதில்லை என்றார். எழும்பும்போது சிரித்தார்.

"நீங்கள் தையுங்க. இவ்வளவு சண்டை பிடிக்கிற ஆக்கள் எண்டால் பயம் இல்லை."

இதைத் தலைவரிடம் சொன்னேன். மகிழ்வதா அவமானப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை.

பொதுக்கூட்டம் ஊர்காவற்றுறையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கதிரைகள் பாதிக்கு நிறைந்தன. மேடையின் பின்னால் கட்டியிருந்த துணியில் தீவக மாவட்டம் என்று எழுதியிருந்தது. ஊர்காவற்றுறை மாவட்டம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும் என்று பின்வரிசையில் முணுமுணுப்பு. முணுமுணுத்தவர்களில் என் கணவரும் ஒருவர். கொடியைத் தலைவர் மேடையில் ஒரு தடியில் ஏற்றினார். கைதட்டினார்கள். அப்போது முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடலைக் கடந்து, சும்மா பார்க்க மட்டும் வந்ததாகச் சொன்ன காரைநகர்க்காரர். தங்களுடைய நட்சத்திரம் எங்கே என்று கேட்டார்.

வேண்டாம் என்று அவர்கள்தானே சொல்லியனுப்பினார்கள் என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

"வேண்டாமெண்டு நாங்கள் சொல்லலாம் அண்ணை. அதுக்காக நீங்கள் எப்பிடிக் கழட்டலாம்?"

மண்டபத்தில் பலர் தலையாட்டினார்கள். அது நியாயமான கேள்வி என்றே எனக்கும் பட்டது. கொடியை இறக்கி என் மடியில் தந்தார்கள். நல்ல காலத்துக்குக் கைப்பையில் ஊசியும் நூலும் இருந்தன. மேடையை அலங்கரித்த வெள்ளைத் துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டு மூலையில் இருந்து தைக்கத் தொடங்கினேன். மேடையில் பேச்சுத் தொடர்ந்தது.

மாவட்டம் கிடைத்தால் அதன் தலைமை அலுவலகமான கச்சேரி எங்கே அமையும் என்று யாரோ கேட்டார்கள். தலைவர் வேலணை என்றார். பின்வரிசை முழுக்க ஊர்காவற்றுறை என்றது. துறைமுகமும் ஆஸ்பத்திரியும் இங்கே இருக்கிறபோது கச்சேரியும் இங்கேதான் என்று என் கணவர் எழுந்து நின்று பேசினார். வீட்டில் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. வாக்கெடுத்தார்கள். ஊர்காவற்றுறை வென்றது. தலைவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அதையே முடிவாக அறிவித்தார்.

அதுவரை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த நெடுந்தீவு மாஸ்ரர் மெல்ல எழுந்தார்.

"எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். இப்ப நான் கச்சேரிக்குப் போறதெண்டால் குறிகட்டுவானிலை இறங்கினால் ஒரே பஸ், யாழ்ப்பாணம். இனி இஞ்சை வாறதெண்டால் ரெண்டு பஸ். அப்ப எனக்கு யாழ்ப்பாணம்தானே கிட்ட?"

நயினாதீவிலிருந்து வந்திருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களும் அதே குறிகட்டுவானில்தான் இறங்குகிறவர்கள். புங்குடுதீவார் அதே பஸ்ஸில் ஏறுகிறவர்கள். மண்டைதீவுக்காரர், தனக்கு யாழ்ப்பாணம் சைக்கிளில் போகிற தூரம்தான் என்று மெதுவாகச் சொன்னார். பின்வரிசை மட்டும் கொஞ்சம் சத்தம் போட்டுப் பார்த்தது. நான் கடைசித் தையல் போட்டு நூலை அறுத்தபோது மாவட்டம் இல்லாமல் போயிருந்தது.

வடையும் தேத்தண்ணியும் தந்தார்கள். சண்டைபோட்ட எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். காரைநகர்க்காரர் தன் நட்சத்திரத்தைத் தடவிப் பார்த்து, தையல் நல்லாயிருக்கு தங்கச்சி என்றார்.

மாஸ்ரர் வெளியே ஓடியபோது பஸ் போய்விட்டது. தலைவர் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தினார். இருவரும் போனார்கள். போகும்போதே தலைவர் ஒரு கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து எதையோ விளக்கிக்கொண்டு போனதை நான் மண்டப வாசலில் நின்று பார்த்தேன்.

அவர்கள் போவதற்குள் படகும் புறப்பட்டுவிட்டதாம். இது எனக்கு அடுத்த கிழமை தலைவரின் மனைவி சட்டைக் கையைக் கொஞ்சம் தளர்த்தித் தரும்படி வந்தபோது தெரிந்தது. மாஸ்ரர் அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் தங்கினாராம். இடியப்பம் பரிமாறும்போதும் சண்டை, விடிய முகம் கழுவும்போதும் சண்டை. சொதியை மட்டும் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாராம்.

"மாவட்டம் வந்திருந்தால் இந்த மனுசன் கிழமைக்கொருக்கால் எங்கடை வீட்டிலைதான் கிடப்பார்," என்றார் அக்கா. "நல்ல காலம் பிள்ளை, வரேல்லை."

கையை அளந்தேன். ஒரு விரற்கடை விட்டால் போதும் என்றேன். இரண்டு விடு என்றார்.